காலர் உட்கார்ந்த இடம்

தரையில் ஒட்டியிருந்த பழைய விரிப்பைக் கிழித்தெடுத்தாகிவிட்டது. அடியிலிருந்த பசைதான் போக மாட்டேன் என்று அடம்பிடித்தது. காலர் குத்துக்காலிட்டு, அகலச் சுரண்டியை இரண்டு கையாலும் தள்ளித் தள்ளி அதைச் சுருள் சுருளாகப் பெயர்த்தாள். அவள் கொழுந்தன் டைல்ஸ் மேஸ்திரி. பின்னாலேயே கிரைண்டரோடு வந்து மேடுகளைத் தேய்த்தான். கூடம் முழுக்கப் புழுதி. இருவரும் மூக்கில் துணி கட்டியிருந்தார்கள்.

காலர் என்பது தையல் கம்பெனியில் வைத்த பெயர். சட்டைக்குக் காலர் தைப்பவள் காலர், பை தைப்பவள் பாக்கெட். கம்பெனி போனாலும் பெயர் போகவில்லை. அந்தக் கம்பெனி இதே கூடத்தில்தான் இருந்தது. வாசலுக்குக் கண்ணாடி போட்டு முகத்தையே மாற்றியிருந்ததால், உள்ளே வந்து தூண்களைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே பிடிபட்டது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கொழுந்தனிடம்கூடச் சொல்லவில்லை.

கூட்டித் துடைத்த தரையில் அவன் நீளமான அலுமினியப் பட்டையைக் கிடத்தி, கன்னம் தரையில் படக் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, இங்க பாருங்க. பட்டைக்கு அடியில வெளிச்சம் தெரியுது."

ஒரு இடத்தில் மட்டுமல்ல. வரிசையாக, ஒரே இடைவெளியில், உள்ளங்கை அகலத்துக்கு ஆழமில்லாத குழிகள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் போல்ட் அறுத்த அடையாளம்.

"பூசுனவன் தூங்கிக்கிட்டே பூசியிருப்பான்போல."

"அவன் நல்லாத்தான் பூசினான். நாங்கதான் தேச்சோம்" என்றாள் காலர். "ஒரு கால் மெஷினை மிதிக்கும். இன்னொரு கால் குதியை ஊனிக்கிட்டே இருக்கும்."

அவன் மூக்குத் துணியைக் கீழே இறக்கினான். "இங்கயா அண்ணி? சொல்லவே இல்லையே."

கட்டட வேலையைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வந்து, குழியைச் செருப்பு நுனியால் தடவிப் பார்த்தார். "பசையைத் தாராளமா வச்சு ஒட்டிடுப்பா. யாரு குனிஞ்சு பாக்கப்போறா?"

"சதுர டைல்ஸுன்னா எப்படியாவது சமாளிச்சிருவேன் சார். இது மரப்பலகை மாதிரி நீளம். அடியில காத்து நின்னுச்சுன்னா, கனமா எதையாவது உருட்டுனதும் படக்குனு போயிரும். அப்புறம் என் தலையைத்தான் உருட்டுவீங்க."

"சரி சரி. சாப்பாட்டு நேரம் முடிஞ்சதும் மட்டமாக்குற கலவையை ஊத்திடு. நாளைக்கு ஒட்டியாகணும்."

அவர் போனதும் காலர் வெளியே வந்து பாக்கெட்டுக்குப் போன் செய்தாள். "எங்க இருக்கே? நம்ம கம்பெனித் தரை தெரியுது. சாப்பாட்டுக்கு அப்புறம் மூடிடுவாங்க. வர்றியா?"

பாக்கெட் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவள். கடைசி வீட்டை அப்படியே விட்டுவிட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். தூணிலிருந்து மெஷின் இருந்த இடங்களை எண்ணிக்கொண்டே நடந்து, ஓரிடத்தில் நின்றாள்.

"இது நான். அது நீ."

இருவரும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயின்ட் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். காலர் செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலை வைத்தாள். அளவெடுத்தாற்போல் போய் உட்கார்ந்தது. நீராவி இஸ்திரிப் பெட்டியின் சூடும் புதுத்துணிக் கஞ்சியின் வாசமும் எங்கிருந்தோ வந்து முகத்தில் அடித்தமாதிரி இருந்தது.

"மேனேஜர் சட்டைக்குப் பாக்கெட்டைத் தலைகீழா வச்சுத் தச்சியே, நினைவிருக்கா?" என்றாள்.

"அந்தாளு பேனாவைப் போடப் போட அது கீழ விழுந்துச்சு. மூணு தடவை குனிஞ்சு எடுத்துட்டு, பேனா சரியில்லைன்னு வேற பேனா கேட்டாரு."

காலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் காலத்தில் மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பேசியே இருவருக்கும் தொண்டை கட்டிப்போயிருக்கும். வீட்டில் யாரிடமும் சொல்லாததையெல்லாம் இங்கேதான் சொல்லிக்கொண்டார்கள். பாக்கெட்டின் இரண்டு பிரசவ வலியும் இதே இடத்தில்தான் எடுத்தது.

ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தபோது கதவில் புதுப்பூட்டு தொங்கியது. ஞாயிற்றுக்கிழமையே மெஷின்களைப் பின்பக்கமாக ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உச்சி வெயில் வரை எல்லாரும் வாசலில் நின்றார்கள். யாரும் வரவில்லை. பாக்கெட்டின் சாப்பாட்டு டப்பா உள்ளேயே கிடந்துவிட்டது.

"போய்ட்டு வரேன்னு சொல்லிக்கக்கூட முடியாமப் போச்சு" என்றாள் பாக்கெட்.

கொழுந்தன் கலவை வாளியோடு கொஞ்ச நேரமாகவே ஓரமாக நின்றிருந்தான். இன்னும் தண்ணீர் ஊற்றவில்லை. ஊற்றிவிட்டால் காத்திருக்க முடியாது. "நீங்க உக்காருங்க அண்ணி. போல்ட் ஓட்டையெல்லாம் அடைச்சிட்டு வரேன்" என்றான். எல்லாம் ஏற்கெனவே அடைத்தாகிவிட்டது. கலவை பிடிப்பதற்கான பால்போன்ற பூச்சும் அடித்துக் காய்ந்துவிட்டது.

காலர்தான் எழுந்தாள். "கலக்குப்பா."

சாம்பல் நிறக் கலவை கஞ்சிபோல் ஓடி, குழிக்குக் குழி தேங்கி, ஏறி, ஒன்றானது. ஈரத்தில் தடம் விழாமலிருக்க அடியில் முள் பதித்த செருப்பு மாட்டிக்கொண்டு அவள் அதை இழுத்துவிட்டாள். பாக்கெட் வாசலில் நின்று கடைசி வரிசை மூடும் வரை பார்த்துவிட்டு, பாதியில் விட்ட பாத்திரங்களைத் தேய்க்கப் போனாள்.

அடுத்த மாதம் அங்கே துணிக்கடை திறந்தார்கள். இருவரும் ஒரு மதியம் போனார்கள். தரை தேக்குப் பலகை பதித்ததுபோல, ஒரு ஏற்ற இறக்கம் இல்லாமல் ஓடியது. கடையில் வேறு ஆளே இல்லை. சட்டைகள் அடுக்கிய பக்கத்தில் ஒரு பெண் கைகட்டி நின்றிருந்தாள்.

"உக்கார ஒரு ஸ்டூல்கூட இல்லையாம்மா?" என்றாள் பாக்கெட்.

"டூட்டில உக்காரக் கூடாதுங்கக்கா."

"காலையிலேர்ந்தா நிக்கிறே?"

அந்தப் பெண் கூரையிலிருந்த கேமராவை ஒருமுறை பார்த்தாள். பிறகு, மேலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி, மேஜை மறைவில் ஒரு காலை ஷூவிலிருந்து உருவி, வீங்கிய பாதத்தைச் சில்லென்ற தரையில் வைத்தாள்.