மாதா பக்கத்தில் நிற்கும் ஆள்

செல்லம்மா எதையும் ஒரே தடவையில் நம்பிவிடுகிறவள் இல்லை. கடையில் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோலத் தட்டிப் பார்த்து, மகள் அன்பரசிக்கு வந்த மூன்று மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியவள். நாலாவது ஆள் ஸ்டான்லி. அன்பரசியே பார்த்து வைத்தவன். அதனாலேயே சந்தேகம் இரட்டிப்பு. மாமல்லபுரத்தில் சுற்றுலாக்காரர்களுக்குப் பழங்காலக் காசுகளின் நகல் விற்கிறான். நகல் விற்கிறவன் பேச்சு மட்டும் அசலாக இருக்குமா?

அவன் கொடுத்தனுப்பிய காசு பொன் முலாம் பூசி, உள்ளங்கைபோல் குழிந்திருந்தது. ஒரு பக்கம் இயேசு. மறுபக்கம் மாதா, அருகில் ஓர் ஆள். மாதாவின் கணவர் சூசையப்பர் என்றாள் அன்பரசி. செல்லம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள்.

“இன்னாடி இது? தச்சு வேல செய்றவரு தலையில கிரீடம் கீது? மாதா வேற அதுமேல கைய வெச்சிகினு கீறாங்க?”

ஞாயிறு பூசை முடிந்து வீட்டுக்கு வந்த ஸ்டான்லியிடமும் அதையே கேட்டாள்.

“சூசையப்பரா? இல்ல அத்தே. இவன் கான்ஸ்டான்டிநோபிள் ராஜா. மாதாவே எனக்குக் கிரீடம் வெச்சாங்கன்னு காசுல அடிச்சி ஊரெல்லாம் வுட்டுட்டான். அப்பறம் எவன் எதுத்துப் பேசுவான்?”

“மாதா வெச்சத யாரு பாத்தா?”

“ஒருத்தரும் பாக்கல. அதான் காசுல போட்டான்.”

அன்பரசிக்கு அந்த நேரம் பார்த்து அடுக்களையில் வேலை வந்துவிட்டது.

“யோசிச்சிச் சொல்றேன்” என்று அவனை அனுப்பிவைத்தாள் செல்லம்மா.

நாலாம் நாள் காலை, பால் வாங்கப் போனவள் தெருமுனையில் அப்படியே நின்றுவிட்டாள். பத்தடி பேனர். ஸ்டான்லி, அன்பரசி நிச்சயதார்த்தம். நடுவில் பட்டுப்புடவையில் செல்லம்மா. அவள் வலக்கை, குனிந்த ஸ்டான்லியின் தலைமேல். போன வருஷம் மதுராந்தகத்துக் கல்யாணப் பந்தியில் அப்பளத்துக்கு நீட்டிய கை அது. அந்தப் போட்டோ அன்பரசியின் போனில் மட்டும்தான் இருந்தது.

“எப்பக்கா ஆசீர்வாதம் பண்ணீங்க? எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லல?” என்றாள் பக்கத்து வீட்டு வசுமதி.

செல்லம்மா போனை எடுத்தாள்.

“டேய், பேனரக் கழட்டுடா!”

“கழட்டுனா கல்யாணம் நின்னுபோச்சின்னு ஊரு பேசும் அத்தே.”

செல்லம்மா பேனரில் இருந்த தன் கையை இன்னொரு தடவை பார்த்தாள்.

“சாயந்தரம் வா. தலைய நல்லாக் குனிஞ்சிகினு வா.”

வந்தான், குனிந்தான். அவளும் கையை வைத்தாள். அது ஆசீர்வாதமா குட்டா என்று சன்னலோரம் நின்ற தெருவுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. சத்தம் மட்டும் எதிர்வீடு வரை கேட்டது.

“நல்ல முத்தல் காய்தான்” என்று முணுமுணுத்துவிட்டு, அவனுக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னாள் செல்லம்மா.