கூரையைத் தொடாத சுவர்

முதியோர் இல்லத்து விளம்பரத்தில் ‘தனி அறை’ என்று போட்டிருந்தார்கள். நேரில் பார்த்தால், ஒரே கூடத்தைப் பலகை வைத்துத் தடுத்திருக்கிறார்கள். பலகை என் தலைக்குச் சற்று மேலே முடிந்துவிடும். அதற்கு மேல் கூரை வரை வெறும் காற்று. கூடம் முழுவதற்கும் ஒரே ஏசி.

“தனி அறைதாம்மா. தும்மல் மட்டும் கூட்டுக் குடும்பம்” என்பார் அப்பா. பக்கவாதம் அவர் காலைத்தான் எடுத்தது, வாயை எடுக்கவில்லை.

பக்கத்துத் தடுப்பில் ரிட்டயரான ஒரு பஸ் கண்டக்டர். இருவரும் முகம் பார்த்ததில்லை. பலகைக்கு மேலாகவே பேசிச் சிரிப்பார்கள். காய்ச்சல் பரவியபோது முதலில் இருமியது அவர்தான். போன வாரம் செத்துப்போனார்.

இன்று நான் போனபோது அப்பா பலகையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

“யார்கிட்டப்பா பேசறீங்க?”

“கண்டக்டர்கிட்டதான். இருமல் விடமாட்டேங்குது, பாவம்.”

எட்டிப் பார்த்தேன். வெறும் கட்டில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கிருந்து ஓர் இருமல் வந்தது. தள்ளி இருக்கும் யாருடையதோ காற்றில் வந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

மேனேஜரிடம் போனேன்.

“அப்பாவுக்கு இன்னும் காய்ச்சல் வரல சார். ஜன்னல் இருக்கிற ரூமுக்கு மாத்துங்க.”

“ஜன்னல் இருக்கிறது இந்த ஆபீஸ்ல மட்டுந்தாம்மா. காத்து வரும்னுதான் இங்க உக்காந்திருக்கேன்.”

“பலகையையாவது கூரை வரைக்கும் ஏத்தி அடைங்க. ஆளுக்கொரு ஜன்னல் வைங்க.”

“நாலு எழுத்து படிச்சா போதும், ஆளாளுக்கு இன்ஜினியர்!”

“ஆமா சார். இன்ஜினியர்தான்.”

கூடத்துக்குத் திரும்பி, அப்பாவைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்து ஆபீஸ் பக்கம் தள்ளினேன். வழியெல்லாம் பலகைகளுக்குப் பின்னாலிருந்து குரல்கள்.

“யாரும்மா அது? எங்க போறீங்க?”

“ஜன்னலுக்கா? என்னையும் கூட்டிட்டுப் போம்மா.”

“ஏ பொண்ணு, கொஞ்சம் நில்லேன்.”

எது எந்தத் தடுப்பிலிருந்து என்று தெரியவில்லை. ஒன்று, சத்தியமாக, காலிக் கட்டில் பக்கமிருந்து வந்தது. நான் நிற்கவில்லை.

நாற்காலி ஆபீசுக்குள் நுழைந்ததும் மேனேஜர் மாஸ்க்கை இழுத்துவிட்டுக்கொண்டு துள்ளி எழுந்தார். “காய்ச்சல் கூடத்துலேர்ந்து ஏம்மா இங்க கொண்டுவர்ற?” என்று கத்தியபடியே வெளியே ஓடினார். கதவைத் தாழிட்டேன்.

நான்கு சுவரும் கூரை வரை இருந்தன. காற்று வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அப்பா ஜன்னலைப் பார்க்கவில்லை, கதவையே பார்த்தார்.

“அத்தனை பேரு கூப்பிடறாங்க. உன் காதுல விழலயா?”

“விழலப்பா” என்றேன்.