ரிசீவரை வைத்த பிறகும்

மில்லர்புரத்தின் அந்தக் குறுக்குத் தெருவில், ஒரு வீட்டில் அடி விழுந்தால் மற்ற வீடுகளில் டிவியின் சத்தம் கூடும். யாரும் வகுத்த சட்டமில்லை. ஆனால் எவரும் அதை மீறியதும் இல்லை. மறுநாள் கன்னம் வீங்கியவள் குடத்தோடு குழாயடிக்கு வருவாள். "வழுக்கிட்டா?" என்று யாராவது கேட்பார்கள். "ஆமா" என்பாள். அத்தோடு முடிந்தது.

கணினிப் பயிற்சி மையத்தில் பாடம் நடத்தும் பானுப்ரியாவும் இருபத்து நான்கு வயதுவரை அந்த விதிக்குக் கட்டுப்பட்டே வளர்ந்திருந்தாள். அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டில் முதல் அறை விழுந்தபோது, கடையை அடைத்துவிட்டுச் சாப்பிட வந்திருந்த அவளுடைய அப்பா நயினார், தட்டிலிருந்து தலை தூக்காமலே ரிமோட்டுக்காகக் கையை நீட்டினார்.

ஆனால் டிவியையும் மீறி தேவதாசனின் குரல் தெருவைக் கடந்து வந்தது.

"வெள்ளிக்கெழம பதினொன்னு இருவதுக்கு நான் ஹார்பர்ல நிக்கேன். வீட்டுல நீ மட்டுந்தான இருந்த? ரிசீவரு வச்சது வச்சபடி கெடக்கு. அந்த மெயில நீ அனுப்பாம பேயா அனுப்புச்சு?"

பானுப்ரியாவின் கையிலிருந்த குழம்புக் கரண்டி நின்றது.

துறைமுகத்தில் சரக்கு ஏஜென்ட் அலுவலகம் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கும் தேவதாசன், ஐந்தாண்டுகள் டயல்-அப் வைத்திருந்தவன். எண்ணைச் சுழற்றி, மோடம் கீச்சிட்டு ஓய்ந்தால்தான் இணைப்பு; வேலை முடிந்து துண்டித்துவிட்டால் வீட்டுக்குள் எதுவும் வராது, வீட்டிலிருந்து எதுவும் போகாது. போன மாதம் பிராட்பேண்ட் வந்தது. போன் சும்மா கிடக்கும்போதும் அதே கம்பியில் இணைப்பு திறந்தே இருக்கும் என்பது அவன் மண்டையில் ஏறவில்லை. சினிமாப் படங்கள் இறங்க வேண்டுமென்று கணினியை அணைக்காமலே வேலைக்குப் போவான். டயல்-அப் காலத்தில் எந்த அப்டேட்டும் முழுதாக இறங்கியிராத பழைய கணினி அது. வெளியிலிருந்து நுழைவதைத் தடுக்கும் ஃபயர்வால் படத்தின் வேகத்தைக் குறைக்கிறது என்று அவன் நச்சரித்தபோது, அதை அணைத்துக் கொடுத்தவள் பானுப்ரியா. "சும்மா கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு, அதை அவளே மறந்தும் போனாள்.

"எம் மேனேஜரு ஆபீஸ்ல எல்லாரையும் வச்சுக்கிட்டுச் சொல்லுதான், 'உம்ம வீட்டம்மா ப்ரைவேட் போட்டோன்னு அனுப்பிருக்காவ ஓய், நான் இன்னும் தொறக்கல'ன்னு. பாஸ்டருக்கும் போயிருக்கு. எந்தக் கையிளா அனுப்புச்சு? இதா?"

மேசை டிராயர் ஓங்கி அடைபடும் ஓசை. அதற்குப் பின் அவன் மனைவி ஜெபசுதாவின் அலறல்.

பானுப்ரியா எழுந்தாள்.

"ஏளா, எங்கன போற?" என்றார் நயினார்.

"மோடத்துல கோளாறுன்னு சொன்னாவ. பாத்துட்டு வாரேன்."

இப்படிப் போவதில் தடையில்லை. சத்தம் கேட்டு வந்தேன் என்று சொல்லாதவரை எதற்கும் தடையில்லை.

ஜெபசுதா தரையில் கிடந்தாள். அவளிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகளின் நோட்டுகள் மீது ரத்தம் சொட்டியிருந்தது. கீழுதடு இரண்டாகப் பிளந்திருந்தது. டிராயருக்குள் நசுங்கிய வலக்கையின் மூன்று விரல்கள் திசைமாறி நின்றன. அந்தக் கையின் மீதுதான் தேவதாசனின் செருப்புக்கால் இருந்தது. துறைமுக அடையாள அட்டை இன்னும் அவன் கழுத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? நீயே பாரு, இவ லெட்சணத்த."

"அண்ணாச்சி, கால எடுங்க. கம்ப்யூட்டர யாரும் தொடாண்டாம். நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ரிசீவர் வச்சுத்தான இருக்கு?"

"வச்சுத்தான் இருக்கு."

"படம் ஏதும் இறங்குதா?"

"இல்ல."

"அப்ப இந்த லைட்டு எதுக்கு இப்பிடித் துடிக்கி?"

மோடத்தின் பச்சை விளக்கு நிற்காமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. பானுப்ரியா கறுப்புத் திரையொன்றைத் திறந்து ஒற்றை வரியைத் தட்டிவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். யாரும் தொடாத கணினி எங்கெங்கோ இருக்கும் மெயில் சர்வர்களைத் தேடித் தேடித் தொடர்புகொள்வது, வரிவரியாகத் திரையில் ஏறியது.

"வைரஸ். உங்க அட்ரஸ் புக்குல இருக்க எல்லாருக்கும் அக்கா பேர்ல தானா அனுப்புது. இந்த நிமிசமும் அனுப்புது. அக்கா நம்ம முன்னாலதான கெடக்காவ? தடுப்ப எடுக்கச் சொன்னது நீங்க. எடுத்துவிட்டது நான்."

தேவதாசன் திரையைப் பார்த்தான். காலை எடுத்தான். மோடத்தின் வயரைப் பிடுங்கினான்.

"சரி, போ" என்றான்.

நிரூபித்தாயிற்று, இனி அடிப்பதற்குக் காரணமில்லை என்று பானுப்ரியா நம்பினாள். அப்படி நம்பித்தான் வீடு திரும்பினாள்.

"தீந்துச்சா? மிசினுத் தப்புதான?" என்றார் நயினார். "அப்ப மோர ஊத்து."

மோர்ச் செம்பைச் சாய்க்கும்போது அடுத்த அடி கேட்டது. இந்த முறை கேள்வி ஏதுமில்லை. சுவரில் தலை மோதும் சத்தம். மறுபடியும் அதே சத்தம். பிறகு தேவதாசன் சொன்னான், மெதுவாக, ஏறக்குறைய நிதானமாக: "ஒரு சின்னப் பொட்டப்புள்ள முன்னால என்ன முட்டாளா நிக்க வச்சிட்டல்ல?"

நயினார் ரிமோட்டை அழுத்திப் பிடித்தார். பக்கத்து வீட்டில் ஒரு பாட்டு உயர்ந்தது. அதற்கடுத்த வீட்டில் செய்தி உயர்ந்தது. பானுப்ரியா ஜன்னல் கம்பிகளுக்கிடையே எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிடுங்கிய வயர் ஜெபசுதாவின் கழுத்தைச் சுற்றியிருந்தது. அவள் முதுகில் முழங்காலை ஊன்றித் தேவதாசன் இழுத்துக்கொண்டிருந்தான். நொறுங்கிய விரல்கள் வயருக்கும் கழுத்துக்கும் நடுவே புக முயன்று வழுக்கின.

அப்பாவின் கையிலிருந்து ரிமோட்டைப் பறித்து டிவியை அணைத்தாள்.

"ஏளா, கிறுக்கா பிடிச்சிருக்கு? தெரு பாக்கும்!"

"பாக்கட்டும்."

வாசலில் கடைக்கென வைத்திருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துக்கொண்டு ஓடினாள். எதிர்வீட்டு இரும்புக் கேட்டில் ஓங்கி அடித்தாள். உள்ளே தாழிட்டிருந்தது. மீண்டும் அடித்தாள்; கேட்டின் சாயம் சிதறி அவள் புறங்கையைக் கீறியது. மாடியில் ஒரு முகம் தெரிந்து மறைந்தது. பக்கத்து வீட்டில் பாட்டு நின்றது. அதற்கடுத்து செய்தி நின்றது. தேவதாசன் ஜன்னல் பக்கம் திரும்பினான். அவன் பிடி தளர்ந்தது. ஜெபசுதா இருமியபடி முகம்குப்புற விழுந்தாள்.

பானுப்ரியா ஒரு கையில் எடைக்கல்லோடு, மறுகையால் செல்போனில் போலீசுக்கு நூறை அழுத்தினாள். யார் பேசுவது என்று மறுமுனையில் கேட்டார்கள். தெரு முழுவதும் வாசலுக்கு வந்திருந்தது. அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"மில்லர்புரத்துலேருந்து நயினார் மவ பானுப்ரியா பேசுதேன். எதுத்த வீட்டுல தேவதாசன் பொண்டாட்டியக் கொல்லுதான். ஆமா, நான் கேட்டேன். ரெண்டு கண்ணால பாத்தேன். எம் பேர எழுதிக்கிடுங்க."