சிபாரிசில் வந்தவள்

பல் மருத்துவர் வீட்டுக் குளியல் தொட்டியில் ஒரு கடற்கொள்ளைக்காரன் மூன்று வாரம் தங்கிவிட்டுப் போனான். தண்ணீரைக் கண்டாலே குமட்டுகிற ஆசாமி என்பதால் தொட்டியில் ஒரு சொட்டு விடாமல் மெத்தை போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது. வீட்டார் அந்த மூன்று வாரமும் பக்கத்து வீட்டில் குளித்தார்கள். போகும்போது வீட்டிலிருந்த பற்பசை அத்தனையையும் சுருட்டிக்கொண்டு போனானே தவிர மற்றபடி தங்கமான மனுஷன் என்று மருத்துவரின் மனைவி சொன்னாள். அவன் போன பிறகுதான் பேக்கரிக்காரர் மகள் சிபாரிசு செய்கிற சிறுவர் நாவல்களைப் பற்றித் தெருவில் விவரமாகப் பேச ஆரம்பித்தார்கள். அதற்கு முன்பு வங்கிக் காசாளர் வீட்டு மாடிப்படியில் ஓர் ஒட்டகச்சிவிங்கி நின்றதை எல்லோரும் அவர்கள் வீட்டுச் சொந்தப் பிரச்சினை என்றே விட்டிருந்தார்கள்.

அந்தப் பேக்கரிக்காரர் மகளுக்கு அப்போது பதினொரு வயது. புத்தகத்தைக் கையில் கொடுப்பதற்கு முன் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசாமல் விடமாட்டாள் என்பதால் முன்னுரை என்று பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. பள்ளி ஆசிரியைகூடச் சில சமயம் வருகைப் பதிவில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். மாலையில் அப்பாவின் கடையில் ரொட்டிக்கு வரிசை நிற்கும்போதுதான் அவளுடைய தொழில் நடந்தது. ரொட்டியை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்களுக்குத் துப்பறியும் கதை. அமுக்காமல் வாங்கிவிட்டு வழியெல்லாம் புலம்புகிறவர்களுக்குச் சாகசக் கதை. "இதுல ஒரு கழுதை வருது ஆன்ட்டி. முதல் அம்பது பக்கம் அதைப் பிடிக்காது. அதுக்கப்புறம் உங்க வீட்டுக்காரரையே பிடிக்காது, கழுதையைத்தான் பிடிக்கும்" என்று முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு சொல்லுவாள். எவ்வளவு பேசினாலும் முடிவை மட்டும் சொல்லமாட்டாள். முடிவைச் சொன்னால் அது சிபாரிசு இல்லை, கோள்மூட்டுவது என்பது அவள் கட்சி.

அவள் சிபாரிசு செய்த புத்தகத்தின் முதல் பக்கத்தைப் படித்தால், கதையில் வருகிறவர்கள் படிக்கிறவர் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். கடைசிப் பக்கத்தை மூடினால் போய்விடுவார்கள். பாதியில் நிறுத்தினால் பாதியிலேயே இருப்பார்கள். காசாளருக்குக் கதை அலுத்துப்போய்ப் புத்தகத்தைத் தூக்கிப்போட்டுவிட்டதால்தான் ஒட்டகச்சிவிங்கி மாடிப்படியை விட்டு நகராமல் நின்றது; கடைசியில் அவர் மனைவி ஒரு ஞாயிற்றுக்கிழமை படியிலேயே உட்கார்ந்து மீதியைப் படித்து முடிக்க, அது தலையைக் குனிந்து நிலைப்படியைத் தாண்டிப் போனது. இதெல்லாம் தெருவுக்குப் பழகிவிட்டது. முன்னுரைக்கு மட்டும் ஒரே ஒரு மனக்குறை. அவள் எத்தனை புத்தகம் படித்தும் அவள் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. "பேக்கரிக்காரன் மூக்குக்கு ரொட்டி வாசனை ஏறாது, அது மாதிரிதான்" என்று அப்பா சமாதானம் சொன்னார். அவள் சமாதானமாகவில்லை.

ஏனென்றால் அவளிடம் 'தவறான நிறுத்தம்' என்றொரு நாவல் இருந்தது. யாருக்கும் அதைச் சிபாரிசு செய்யாமல் பதுக்கி வைத்திருந்தாள். அம்மாவுடன் பேருந்தில் போகிற ஒன்பது வயதுப் பெண், தூக்கக் கலக்கத்தில் வேறு நிறுத்தத்தில் இறங்கிவிடுகிறாள். மழை கொட்டுகிறது. பேருந்து அம்மாவோடு போய்விடுகிறது. தையல்காரியான அம்மா யாருக்கோ தைத்த கோட்டு ஒன்று, பழுப்புத்தாளில் சுற்றிய பொட்டலமாக, மகளின் கையில் தங்கிவிடுகிறது. கதை முழுக்க அவளை எல்லோரும் பொட்டலம் என்றே கூப்பிடுகிறார்கள். முன்னுரை அந்தப் புத்தகத்தை ஏழெட்டு தடவை படித்ததில் அதன் முதுகு பிய்ந்து, ஒட்டிய டேப்பும் பிய்ந்திருந்தது. பொட்டலத்தை நேரில் பார்க்க வேண்டும். தன் வீட்டுக்கு வரமாட்டாள். அப்படியானால் தான் அடிக்கடி போகிற ஒரு வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். பேக்கரி ஏப்ரன்களைப் போடப் போகிற சலவைக்கடையை அவள் தேர்ந்தெடுத்தது அப்படித்தான்.

சலவைக்கடைக்காரரும் அவர் மனைவியும் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்தார்கள். அவர் இஸ்திரி போடுவார். அவள் கறைகளைப் பார்த்துக்கொள்வாள். மை, எண்ணெய், துரு, லிப்ஸ்டிக் என்று கறைகளைப் பற்றித்தான் நாளெல்லாம் பேச்சு. குழந்தைகள் இல்லை. சொந்தக்காரர்கள் விசாரிப்பதையே விட்டுப் பல வருடமாகியிருந்தது, அது அவர்களுக்கு ஒரு விதத்தில் நிம்மதி, ஒரு விதத்தில் இல்லை. ஒரு நாள் சலவைக்கடைக்காரர் மனைவியே கேட்டாள்.

"ஏண்டி முன்னுரை, ஊருக்கெல்லாம் சொல்றே, எங்களுக்கு ஒண்ணும் கிடையாதா? நாங்க என்ன, எழுத்து தெரியாதவங்களா?"

"உங்களுக்குன்னே ஒண்ணு இருக்கு ஆன்ட்டி. ஆனா கொஞ்சம் ஈரமா இருக்கும்."

"சலவைக்கடைக்கு ஈரம் என்னடி புதுசா?"

அன்று சாயங்காலம் மழை அந்தக் கடையின் மேல் மட்டும் பெய்தது. எதிர்ச்சாரியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. கதவு தட்டப்பட்டது. பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்ற பெண், தலையிலிருந்து காலுறை வரை சொட்டச்சொட்ட, "இது கடைசி நிறுத்தமா?" என்று கேட்டாள். "இல்லம்மா, சலவைக்கடை" என்றார் சலவைக்கடைக்காரர். உள்ளே கூட்டிப்போய்ப் பொட்டலத்திலிருந்த கோட்டை வாங்கி இஸ்திரி போட்டார்.

அதன் பிறகு பேக்கரியில் அழுக்காகாத ஏப்ரன்களும் சலவைக்குப் போயின. இரண்டு பெண்களும் படுக்கைவிரிப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, துணிகளில் குத்துகிற பித்தளை டோக்கன்களை வைத்துச் சூதாடினார்கள். பொட்டலம் கூச்சமே இல்லாமல் கள்ள ஆட்டம் ஆடினாள். அவளுடைய சிரிப்பு குதிரை கனைப்பது மாதிரி இருந்தது. இது இரண்டும் புத்தகத்தில் எங்குமே இல்லாத விஷயங்கள். முன்னுரை ராத்திரி படுக்கையில் அவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்துக்கொண்டாள். சலவைக்கடைக்காரர் தம்பதி தினம் நாலு பக்கம் என்று மாற்றி மாற்றிப் படித்தார்கள். கறைப் பேச்சு குறைந்தது. ஒரு தட்டு கூடுதலாக வாங்கினார்கள். கடையில் வாடிக்கையாளர் யாராவது "உங்க பொண்ணா?" என்று கேட்டால் சலவைக்கடைக்காரர் மனைவி சட்டைப் பொத்தானை எண்ணுவது போலக் குனிந்துகொள்வாள், இல்லை என்று சொன்னதில்லை.

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சமிருந்தபோது புத்தகம் மேல் அலமாரியில், யாரும் திரும்ப வந்து வாங்காத உடுப்புகளுக்குப் பின்னால் போனது. சலவைக்கடைக்காரர் வைத்ததை அவர் மனைவி பார்த்தாள். அவள் பார்த்ததை அவர் பார்த்தார். முன்னுரையும் பார்த்தாள். ஊரில் யாராவது புத்தகத்தைப் பாதியில் வைத்தால் வீடு தேடிப் போய்ச் சண்டை போடுகிறவள், அன்று வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி ஏப்ரன்களை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினாள்.

சிக்கல் காலுறையில் தொடங்கியது. கதைப்படி பொட்டலத்தின் காலுறை கடைசி அத்தியாயத்தில்தான் காய வேண்டும். இத்தனை நாளும் கதை நகர்ந்துகொண்டிருந்ததால் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இப்போது கதை நின்றுவிட்டது, ஈரம் நிற்கவில்லை. சலவைக்கடைக்காரர் மனைவி அதைப் பிழிந்தாள், உலர்த்தும் இயந்திரத்தில் சுழற்றினாள், இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினாள். எடுத்தால் ஈரம். கழற்றித் தூர எறிந்தாள். திரும்புவதற்குள் அந்தக் காலில் அதே காலுறை, சொதசொதவென்று. பல வருடமாக எந்தக் கறையிடமும் தோற்காதவள் அதனிடம் தோற்றாள். தும்மல் இருமலானது, இருமல் காய்ச்சலானது. டாக்டர் வந்து பார்த்து, "ஈரக் காலுறையை முதல்ல கழற்றுங்க" என்றார். "அது தெரியாமத்தான் உங்களைக் கூப்பிட்டோமா டாக்டர்?" என்று சலவைக்கடைக்காரர் மனைவி எரிந்து விழுந்தாள்.

அன்று முன்னுரை மாடிக்குப் போனபோது பொட்டலம் விளையாடக் கூப்பிடவில்லை.

"ஏய், உனக்கு முடிவு தெரியும்ல?"

"தெரியும்."

"எங்கம்மா வர்றாங்களா?"

முன்னுரை டோக்கன்களைக் கலைத்தாள். "நான் யாருக்கும் முடிவு சொல்றதில்ல."

"நான் யாரோவா?"

"கதை கெட்டுப்போயிடும்டி."

"என் கதைதானே கெடும், உனக்கென்ன?" பொட்டலம் கொஞ்ச நேரம் இருமினாள். "சரி விடு. வரமாட்டாங்க. அதான் சொல்ல மாட்டேங்கிற." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முன்னுரை கீழே இறங்கி வந்தாள். சலவைக்கடைக்காரர் ஒரே காலரைத் திரும்பத் திரும்ப இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கடைசி அத்தியாயம்."

"வெளிச்சம் பத்தல" என்றார் அவர், டியூப்லைட்டுக்கு நேர் கீழே நின்றுகொண்டு.

"பகல்ல படிங்க."

"பகல்ல வேலை இருக்கே."

"அவ போயிடுவாளா?" என்று அவர் மனைவி கேட்டாள். முன்னுரை இஸ்திரிப் பெட்டியையே பார்த்தாள். "நீ சொல்ல வேண்டாம்டி. கொள்ளைக்காரன் போனான். சிவிங்கி போச்சு. எங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

முன்னுரைக்கு அப்போதுதான் இவர்கள் எதற்குப் பயப்படுகிறார்கள் என்பது முழுசாகப் புரிந்தது. புரிந்ததும் திகைப்பாக இருந்தது. "போனா என்ன ஆன்ட்டி? மறுபடி படிங்க."

"படிச்ச புத்தகத்தையா?" என்றார் சலவைக்கடைக்காரர், சாப்பிட்ட சாப்பாட்டையா என்பது போல.

அந்தத் தெருவில் வளர்ந்தவர்கள் எவரும் அதுவரை ஒரு புத்தகத்தை இரண்டாம் தடவை படித்ததில்லை. முடித்துவிட்டால் முடிந்தது என்றே நினைத்திருந்தார்கள். முன்னுரையோ இது யாருக்கும் தெரியாத விஷயமாக இருக்கும் என்று நினைத்ததே இல்லை. தண்ணீர் குடிப்பது எப்படி என்று யாராவது சொல்லித் தருவார்களா?

"முடிவு தெரிஞ்ச பிறகு யாரும்மா படிப்பாங்க?"

"அழுக்காகும்னு தெரிஞ்சுதானே துவைக்கிறீங்க? ஒரு தடவை துவைச்ச சட்டையை நீங்க மறுபடி துவைச்சதே இல்லையா அங்கிள்?"

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். காசு வாங்காமல் சிபாரிசு செய்கிறவளுக்கு நேர்மை முக்கியம் என்பதால் முன்னுரை மிச்சத்தையும் சொல்லிவிட்டாள். "ஆனா வரும்போது அவளுக்கு உங்களைத் தெரியாது. என்னையும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு முதல் தடவைதான்." மேஜையில் கிடந்த ஒரு பித்தளை டோக்கனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "கள்ள ஆட்டம் ஆடுவா இல்ல, அது புத்தகத்துல இல்லாதது. அது திரும்ப வருமான்னு எனக்கே தெரியல."

மேலே இருமல் கேட்டது. சலவைக்கடைக்காரர் மனைவி முக்காலியில் ஏறிப் புத்தகத்தை எடுத்தாள்.

மூவரும் மாடியில், கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சலவைக்கடைக்காரர் பில் வாசிப்பது போல வாசிக்க, அவர் மனைவி பொறுக்காமல் பிடுங்கிக்கொண்டாள். இரண்டு பக்கம் மிச்சமிருக்கையில் பின்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒல்லியான பெண், ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி விசாரித்துக் குரல் கட்டிப்போயிருந்தது, உடுப்பின் தோளில் நூல் கோத்த ஊசி குத்தியபடி இருந்தது. புத்தகத்தில் சலவைக்கடை என்று ஒன்று கிடையவே கிடையாது, இருந்தாலும் குடையை வெளியிலேயே உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். பொட்டலத்தின் காலுறையிலிருந்து ஆவி எழும்பி, அது இஸ்திரி போட்ட மாதிரி மொரமொரவென்று காய்ந்தது. அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்ட பொட்டலம் தலையை மட்டும் திருப்பி முன்னுரையைப் பார்த்தாள்.

"வர்றாங்கன்னு சொல்லியிருக்கலாம்ல, லூசு."

"சொல்லியிருந்தா இந்த மூஞ்சியை நான் பார்த்திருக்க முடியுமா?"

குதிரை கனைத்தது. சலவைக்கடைக்காரர் மனைவி கடைசி வரியை வாசித்து, புத்தகத்தை மூடி, அறையைப் பார்க்காமல் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கடை திறக்கவில்லை. வெள்ளைச் சட்டை இல்லாமல் வேலைக்குப் போனவர்கள்கூட முணுமுணுக்கவில்லை. சில நாள் கழித்து அந்தக் கடையின் மேல் மட்டும் மழை பெய்தது. எதிர்ச்சாரியில் பழக்க தோஷத்தில் துணிகளை எடுத்தவர்கள், விஷயம் புரிந்து மறுபடி காயப்போட்டார்கள். செய்தி கேட்டு முன்னுரை மாவுக் கையோடு ஓடிவந்தாள். பொட்டலம் அவளை மேலும் கீழும் பார்த்து, "நீ யாரு, வெள்ளையடிக்கிறவளா?" என்றாள். முன்னுரை தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு டோக்கன்களை எடுத்து வைத்தாள். இரண்டாவது ஆட்டத்தில் பொட்டலம் ஒரு டோக்கனைத் தொடைக்கு அடியில் ஒளித்தாள். முன்னுரை கண்ணைத் துடைத்துக்கொண்டாள், முகமெல்லாம் மாவானது.

அதற்குப் பிறகு அந்தக் கடையில் கடைசி அத்தியாயத்தை இருமல் தொடங்கிய பிறகு ஒரு நாளும் தள்ளிப்போட்டதில்லை. சலவைக்கடைக்காரர் மனைவி அம்மாக்காரிக்குத் தொண்டைக்கு இதமாக வெந்நீர் தயாராக வைத்திருப்பாள்; அந்தப் பெண் ஒவ்வொரு தடவையும் புதிதாக நன்றி சொல்லுவாள். பல் மருத்துவர் மொத்த விலைக்குப் பற்பசை வாங்கிப்போட்டுவிட்டுக் கொள்ளைக்காரனை மறுபடி வரவழைத்தார். தெருவில் தக்காளி விலையை விசாரிப்பது போல, "இப்ப எந்த அத்தியாயம் ஓடுது?" என்று சலவைக்கடையில் விசாரித்தார்கள்; மழை அத்தியாயம் என்றால் போர்வைகளை அடுத்த வாரம் கொண்டுவந்தார்கள்.

முன்னுரை வளர்ந்தாள். கல்லூரிக்குப் போனாள், வெளியூரில் வேலைக்குப் போனாள், முதல் அத்தியாயம் என்று தகவல் வந்தால் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தாள். பொட்டலத்துக்கு ஒன்பது வயதுதான். ஆரம்பத்தில் நீ என்றவள், சில மழைகளுக்குப் பிறகு அக்கா என்றாள். அதற்கும் பல வருடம் கழித்து, சலவைக்கடைக்காரருக்கு முழங்கால் வலி வந்து, அவருக்குப் பதில் முன்னுரையே கதவைத் திறந்த ஒரு சாயங்காலத்தில், வாசலில் சொட்டச்சொட்ட நின்றவள் அவளை நிமிர்ந்து பார்த்து, "ஆன்ட்டி, ஒரு துண்டு கிடைக்குமா?" என்று மரியாதையாகக் கேட்டாள். முன்னுரையின் முகம் லேசாகச் சுண்டியது. உள்ளே போய்த் துண்டு எடுத்துவந்து, அந்தத் தலையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அழுத்தமாகவே துவட்டிவிட்டாள்.