சீக்கிரம் மூடிய வால்வு

மார்ச் 11, செவ்வாய்.

இன்று மாலை வகுப்பில் வால்வைச் சீக்கிரம் மூடிவிட்டேன். சின்னத் தவறுதான். ஆனாலும் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

ஜியோலைட் என்ற படிகத்தின் தூளைச் சிறு கிண்ணத்தில் போட்டு, காற்றை உறிஞ்சி எடுத்த கண்ணாடிக் குழாய்க்குள் தொங்கவிடுகிறோம். படிகம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத துளைகள். ஹைட்ரோகார்பன் ஆவியைத் திறந்துவிட்டால் அதன் மூலக்கூறுகள் துளைகளில் நுழைந்து ஒட்டிக்கொள்ளும். கிண்ணத்தின் எடை கூடும். திரையில் கோடு ஏறும். நேற்று ஹெக்சேன். ஒல்லியான, நீளமான மூலக்கூறு என்பதால் கோடு விறுவிறுவென்று ஏறி நின்றது. இன்று அதே ஆறு கார்பன்தான், ஆனால் கிளை விரிந்த வகை. கோடு தரையோடு கிடந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தேன், பேருந்து நேரத்தையும் பார்த்தேன். ‘உள்ளே போகவில்லை’ என்று எழுதிவிட்டு வால்வை மூடினேன்.

மேடம் வந்து திரையில் அளவைப் பெரிதாக்கிக் காட்டினார். கோடு கிடக்கவில்லை. நான் மூடிய நொடிவரை, மிக மெல்ல, ஏறிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. போகாதது வேறு, மெதுவாகப் போவது வேறு என்றார். திட்டியிருந்தால் தேவலை.

என்னோடு சோதனை செய்பவர் பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். வகுப்பில் எல்லோருக்கும் லிஃப்ட் அண்ணன்.

“குண்டு ஆளு ஏறமாட்டாருன்னு நீயா கதவ சாத்திட்டியேம்மா,” என்றார். “பாவம், அவரு பக்கவாட்டுல திரும்பிக்கிட்டு இருந்திருப்பாரு.”

சிரித்துவிட்டேன். தம்பி போனபிறகு சிரிப்பது இதுதான் முதல்முறை என்று உறைத்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

தம்பி இறந்து மூன்று வாரம் ஆகிறது. கிடங்கில் இரவு வேலை முடிந்து சைக்கிளில் வந்தவன்மேல் லாரி ஏறிவிட்டது. அப்பா அழவில்லை. அந்த வாரமே அச்சகத்துக்குப் போய்த் தாள் வெட்டும் இயந்திரத்தின் முன் நின்றுவிட்டார். சாப்பிடுகிறார், சட்டைக்கு இஸ்திரி போடுகிறார், டிவியில் செய்தி பார்க்கிறார். வெளியூரிலிருந்து வந்துபோன அக்கா, ஒரு மாதம் லீவு போட்டு அப்பாவோடு வந்து இருக்கட்டுமா என்று ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள். அப்பா நன்றாகத்தான் இருக்கிறார், லீவை வீணாக்காதே என்றேன். அம்மா இல்லாத வீட்டில் அப்பாவைப் பார்த்துச் சொல்ல நான்தானே இருக்கிறேன். அவள் நம்பினாள்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. மறைக்கவில்லை, கணக்கிலேயே எடுக்கவில்லை. ராத்திரி நான் போட்டுவிட்டுப் படுக்கிற வாசல் தாழ்ப்பாள் தினமும் காலையில் திறந்திருக்கிறது. செய்தித்தாள் எடுக்க அப்பா திறந்திருப்பார் என்று நினைத்தேன். செய்தித்தாள் வெளியிலேயேதான் கிடந்தது.

இன்று வீடு திரும்பிச் செருப்பைக் கழற்றி, வழக்கம்போல் தாழ்ப்பாளில் கை வைத்தேன். அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

“போடாதம்மா. சாவி வச்சிருந்தும் வெளிய நிப்பான்.”

சொன்னது அப்புறம்தான் அவர் காதில் விழுந்தது போலிருக்கிறது. ரிமோட்டை எடுத்தார். சத்தத்தைக் குறைத்தார், இன்னும் குறைத்தார், ஒன்றுமே கேட்காத அளவுக்குக் குறைத்துவிட்டு, திரையில் பேசிக்கொண்டேயிருந்த அந்த முகத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கையைப் பிடிக்கலாமா என்று தெரியவில்லை. பிடிக்கவில்லை.

அவர் படுத்தபிறகு சமையலறையிலிருந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

“நல்லா இருக்காருன்னு நீதானடி சொன்ன?”

“நான் சரியாப் பாக்கலக்கா. நீ வா.”

வேலையிடத்தில் அந்த லீவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றாள். மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

தாழ்ப்பாளைப் போடவில்லை. கதவு வெறுமனே சாத்தியிருக்கிறது. காற்றடிக்கும்போது லேசாக அசைந்து, கீழ் இடுக்கில் தெருவிளக்கின் வெளிச்சம் அகலமாகிச் சுருங்குகிறது. அப்பா அறையில் கட்டில் முனகுகிறது.

நாளை: படிகத்தை மறுபடி சூடாக்கி, உள்ளே புகுந்ததையெல்லாம் வெளியேற்றி, முதலிலிருந்து தொடங்கவேண்டும். கோடு படுத்துவிட்டதாகத் தெரிந்தாலும் வால்வை மூடக்கூடாது. கடைசிப் பேருந்து போனால் போகட்டும். வரத் தாமதமாகும் என்று அப்பாவிடம் காலையிலேயே சொல்லிவிடவேண்டும்.