இவாசே ஹெய்மோன் எந்த நோயில் இறந்தார்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு காலிக் கட்டத்தால் பிறந்தது. எங்கள் பிரபுவின் கோட்டையில் நான் பதிவேடு எழுதுகிறவன். 'இறப்புக்குக் காரணம்' என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். காலையிலிருந்து கதையாக எழுதித் தள்ளுகிறேன். அந்தக் கட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

தொடக்கம் ஒன்று: "புலி போன்ற சாமுராய் இவாசே ஹெய்மோன்..." (வேண்டாம். மனுஷன் நாயைக் கண்டால் சந்து மாறிப் போவார்.)

தொடக்கம் இரண்டு: "போர்க்களத்தில் அவர்..." (எந்தப் போர்க்களம்? சண்டை ஓய்ந்து ஐம்பது வருஷம் ஆகிறது.)

முப்பத்தோரு வருஷமாக அவர் பார்த்த வேலை, பிரபுவோடு பலகையில் கல் வைத்து ஆடித் தோற்பது. சும்மா தோற்க மாட்டார். பிரபுவுக்கு வியர்க்க விட்டு, கடைசியில் ஒரே கல் வித்தியாசத்தில் தோற்பார். அதற்கும் மூளை வேண்டும்.

2

பிரபு இறந்தார். "நானும் கூடவே போறேன்" என்றார் ஹெய்மோன். பிரபுவோடு போக வயிற்றைக் கிழித்துக்கொள்வது எங்களுக்குப் பெரிய கௌரவம். போகிறவருக்கு ஊரே விருந்து வைக்கும். பதினொரு நாள், பதினொரு வீடு. மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டு, வீட்டுக்கொரு மரணக் கவிதை எழுதிக் கொடுத்தார். (பதினொன்றும் படுமோசம். சாகப் போகிறவரிடம் யார் சொல்வது?)

பன்னிரண்டாம் நாள், பிரபுக்களையே ஆட்டிவைக்கும் தலைநகர் எடோவிலிருந்து ஆணை வந்தது. இனி பிரபுவுக்காக யாரும் சாகக் கூடாது. மீறினால் மகனுக்கு அரிசி மானியமும் இல்லை, வீடும் இல்லை.

தின்ற விருந்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? எதிர்வீட்டு ஷிமிசு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"என்ன ஹெய்மோன், இன்னும் கிளம்பலையா? நான் வெச்ச மீன் செரிச்சிடுச்சா, இன்னொன்னு சுடட்டுமா?"

மனைவி ஒகினு உள்ளேயிருந்து கத்தினாள்: "அந்தாளு வாயில கொள்ளிய வைக்க! ஏங்க, உள்ள வாங்க. மானம் போனாப் போகுது, பிள்ளை சோத்துல மண்ணு விழக் கூடாது."

நானும் என் பங்குக்கு யோசனை சொன்னேன்.

"அண்ணே, ஊதுமீன் விஷம்தானே? தின்னுடுங்க. விபத்துன்னு எழுதிடறேன்."

"போடா கூறுகெட்டவனே! அதைத் தின்னு செத்தாலும் வீட்டைப் பிடுங்கிடுவாங்க. என் உசுரு பிரபு வீட்டுச் சொத்தாம். மீனுக்குக் கொடுக்கக் கூடாதாம்."

3

முடிவு அ: அவர் மொட்டையடித்துத் துறவியானார். (உங்களுக்குப் பிடிக்கும். அவருக்கு ஒரு மந்திரமும் தெரியாது.)

முடிவு ஆ: நாளடைவில் ஊர் மறந்துவிட்டது. (எங்கள் ஊரா? நல்ல கதை.)

நடந்தது இதுதான். முந்தாநாள் சபையில் புதிய பிரபு அவரைப் பார்த்தார். "எங்கப்பா கிளம்பிட்டார். இவர் மட்டும் சாப்பாட்டுக்குத் தங்கிட்டார் போல" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான். (இதை அடிக்குறிப்பில் ஒளித்துவிட நினைத்தேன். மனசு வரவில்லை.)

நேற்றுக் காலை ஒகினு சந்தைக்குப் போயிருந்தாள். ஹெய்மோன் மெத்தையை விரித்தார். கஷாயம் காய்ச்சித் தலைமாட்டில் வைத்தார். வயிற்றைக் கிழித்த கையோடு, துணியால் அதை இறுக்கிக் கட்டி, போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்கு ஒரு முனகல்கூடக் கேட்கவில்லை. பதினொரு கவிதை எழுதியவர் இந்த முறை ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. எழுதினால் அதுவே சாட்சியாகிவிடுமே!

அட முட்டாள் மனுஷா, ஒரு சிரிப்பைப் பொறுத்துக்கொள்ளக் கூடாதா? எழுத எழுத அழுகை வருகிறது.

ஒகினு அழவில்லை. "வயித்து வலின்னு எழுதுங்க. பொய்யில்லையே" என்றாள்.

4

எழுதிவிட்டேன். எடோ அதிகாரி இன்று நண்பகலில் வருகிறார். பதிவேட்டில் இரண்டு சாட்சிகளின் முத்திரை வேண்டும். ஒன்று என்னுடையது. ஷிமிசுவைக் கேட்டேன், ஊரில் இல்லையாம். ஜன்னல் வழியாக அவரே சொன்னார்.

என்னையும் ஒகினுவையும் விட்டால், நடந்தது தெரிந்தவர் இனி நீங்கள் ஒருவர்தான். முத்திரை குத்தினால் பொய்ச்சாட்சி. மாட்டினால் தலை போகும். குத்தாவிட்டால் ஒகினுவும் மகனும் தெருவில் நிற்பார்கள். முடிவை வாசகரிடம் விடுவது எழுத்தாளனின் பெருந்தன்மை என்பார்கள். பெருந்தன்மையாவது மண்ணாவது! பயம்.

அதிகாரி குதிரையை விட்டு இறங்கிவிட்டார். "இன்னொரு சாட்சி யாருய்யா?" என்கிறார்.

என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.