ஒரு நாள் முந்திய மருந்து

லிஃப்ட் மெக்கானிக்கின் ரத்தத்தில் மருந்து, அவர் அதை விழுங்குவதற்கு ஒரு நாள் முன்பே கலந்துவிடும். ஆராய்ச்சிப் பிரிவில் இது முதல் வாரத்திலேயே தெரியவந்தது. புற்றுநோய்க்கான அந்தப் புதிய மாத்திரை எவ்வளவு ரத்தத்தில் சேர்கிறது, உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கப் பன்னிரண்டு பேரைச் சேர்த்திருந்தார்கள். முதல் மாத்திரைக்கு முந்தின நாள் எடுத்த ரத்தத்தில் பதினொரு பேருக்கு ஒன்றுமில்லை. அவருக்கு மட்டும் முழு அளவு இருந்தது. குழாய்கள் மாறிவிட்டன என்று பெரிய டாக்டர் நர்ஸைக் கடிந்துகொண்டார், மெஷினை மாற்றினார், வேறு ஊருக்கு அனுப்பிப் பார்த்தார். எங்கேயும் அதே எண் வந்தது. பிறகு அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை.

வாந்தியும் ஒரு நாள் முந்தியே வந்தது. அளவைக் கூட்டலாமென்று டாக்டர்கள் கூடிப் பேசி முடிப்பதற்குள் அவர் ரத்தத்தில் அது கூடியிருக்கும். "அண்ணே, நாளைக்கு டோஸ் ஏத்தப் போறாங்க போல" என்பாள் நர்ஸ். "மேலிடத்து முடிவு நமக்குத்தாம்மா முதல்ல தெரியுது" என்பார் அவர். மனைவி சிரிக்கமாட்டாள். இந்த மருந்து உங்களைக் காப்பாற்றாமல் போகலாம், பின்னால் வருகிறவர்களுக்கு உதவலாம் என்று தெளிவாகச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவளிடம் கேட்காமலே அவர் போட்டுவிட்டார். பதினான்கு மாதம் அவள் வாளி பிடித்தாள், வாயைத் துடைத்துவிட்டாள். அந்தக் கையெழுத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மாத்திரை விழுங்கி இரண்டு மணி நேரம் கழித்து எடுத்த ரத்தத்தில் மருந்தே இல்லை. நர்ஸ் மறு கையில் குத்தி எடுத்தாள். அதிலும் இல்லை. சொல்லவேண்டாம் என்றார் டாக்டர். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததுமே மெக்கானிக், "என்னம்மா, நாளைக்கு இல்லையா?" என்று கேட்டுவிட்டார். அவளுக்குப் பொய் வரவில்லை.

"மிச்சக் குழாயையும் எடுத்துடும்மா. பாதியில நிக்கக் கூடாது" என்று கையை நீட்டினார். அந்தக் கையை மனைவி அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

நர்ஸ் போனபின், "உன்கிட்ட கேக்காம கையெழுத்துப் போட்டேன். தப்புதான்" என்றார்.

"கேட்டிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"அதனாலதான் கேக்கல."

"தெரியும்" என்றாள். மாலைவரை உட்கார்ந்து அவர் நகங்களை ஒவ்வொன்றாக வெட்டிவிட்டாள்.

மாத்திரைக்கு நேரம் எட்டு மணி. புதன்கிழமை டாக்டர் தானே மாத்திரையும் தண்ணீருமாக ஏழரைக்கே வந்து நின்றார். மெக்கானிக்கின் உயிர் ஏழு மணிக்கே போய்விட்டிருந்தது. டாக்டருக்கு டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவர் தாங்கிய அளவுக்கு ஒரு படி கீழே நிறுத்தி, அந்த மருந்து பிறகு நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிற்று. பலர் எழுந்து நடந்தார்கள். அறிக்கை எழுதும்போது ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. டாக்டர் தயங்கித் தயங்கி மனைவிக்குப் போன் செய்து, அவருக்கு மட்டும் மருந்து ஏன் ஒரு நாள் முந்திச் சேர்ந்தது, ஏதாவது தோன்றுகிறதா என்று கேட்டார்.

"அவரு எட்டு மணி பஸ்ஸுக்கு ஏழு மணிக்கே போய் நிக்கிறவருங்க" என்றாள் அவள். "எங்க கல்யாணத்துக்கே முந்தின நாள் காலையில வந்துட்டாரு."

காரணம் என்ற கட்டத்தில் டாக்டர் அதை அப்படியே எழுதினார். அறிக்கை அச்சாகிப் பல நாடுகளுக்குப் போனது. யாரும் விளக்கம் கேட்கவில்லை.